ஓர்மையும் எழுதுகருவியும்

(மேலநீலிதநல்லூரில் தமிழன்பர்களிடையே நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)

 

மேலநீலிதநல்லூர் சங்கரன்கோயில் வட்டத்தைச் சேர்ந்த ஊர். அந்தச் சங்கரன்கோயிலிற்றான் 1902ஆம் ஆண்டு மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் பிறந்தார். 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற அவர், 1981 சனவரியில் மறைந்தார். அகரமுதலியின் முதற்பகுதி 1985இல், அவர் மறைவிற்குப் பின்னரே வெளிவந்தது.

இதிலிருந்து எழுதுவோர் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பெரும்பணி பல வேளைகளில் பணிசெய்தாரின் வாழ்நாளைக் கடந்து நீளும். தாளில் மையால் எழுதியதைப் படிக்க, எழுதிய தூவலும் வேண்டா; தூவலைச் செய்த நிறுவனமும் வேண்டா. கணினியில் எழுதியதற்கு அந்த உறுதி உண்டா?

அண்மைக்காலம்வரை இல்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியேற்றம் வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ்க் கட்டுரை பொருளற்ற குறிகளின் குவியலாய்த் தோன்றும். தமிழக அரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையையும், 2010இல் ஒருங்குகுறியையும் ஏற்ற பின்னரே இந்த அல்லல் தணியத் தொடங்கிற்று. எழுத்து நிலைபெற்றது, ஆனால் கோப்பு? பெரிய சொற்செயலிகள் தத்தம் வடிவில் பூட்டி வைக்கும் கோப்பு, அச் செயலி மாறினால் தானும் மாறும். மறைந்தால் தானும் தடுமாறும்.

இதற்கு ஒரு விடைதான் மார்க்டவுன் என்னும் எளிய குறிமுறை. 2004இல் அமெரிக்கராகிய சான் கிரூபர், ஆரன் சுவார்ட்சின் துணையோடு இதனை வெளியிட்டார். தலைப்பிற்கு முன்னே # குறி; அழுத்திச் சொல்லும் சொல்லின் இருபுறமும் உடுக்குறி; மேற்கோளுக்கு முன்னே > குறி. அவ்வளவே! கோப்பு வெற்றெழுத்தாகவே இருக்கும். எந்தக் கணினியும், எந்த எளிய செயலியும் அதைத் திறக்கும்.

இம்முறையில் எழுதுவதற்கெனப் பல செயலிகள் எழுந்துள்ளன. ‘உள்ளம் சிதறாமல் எழுதலாம்’ என்பதே அவை பலவற்றின் முழக்கம். ஆனால் யாருடைய உள்ளம்? ஆங்கிலத்தில் எழுதுவோனுக்கு அமைதி தரும் கருவி, தமிழில் எழுதுவோனுக்கு இடையூறாகவும் முடியலாம். ஆகலின் அவற்றைத் தமிழ் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே முறை.

ஐஏ ரைட்டர் 2010இல் வந்தது. எழுதிக்கொண்டிருக்கும் தொடரை மட்டும் தெளிவாகக் காட்டி, ஏனையவற்றை மங்கச் செய்யும் ‘ஓர்மை நிலை’ இதன் தனிச்சிறப்பு. ஆனால் இதன் புகழ்பெற்ற எழுத்துருக்களில் தமிழ் இல்லை. வேறோர் எழுத்துரு வந்து அவ்விடத்தை நிரப்பும். பெயர், வினை எனச் சொல்வகை பிரித்து வண்ணமிடும் வசதியும் ஆங்கிலம் முதலிய சில மொழிகளுக்கே உரியது, தமிழுக்கில்லை.

டைப்போராவில் குறிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடுக்குறியிட்டு முடித்தவுடன் குறி மறைந்து, சொல் தடித்து நிற்கும். எழுதும் வரியைத் திரையின் நடுவிலேயே நிறுத்தும் தட்டச்சு நிலையும் உண்டு. 2021இல் முதற் பதிப்பு முழுமையுற்றதிலிருந்து இது விலைக்குரியது.

கோசுட்டு ரைட்டர் கட்டற்ற மென்பொருள், விலையில்லை. இதில் அழிக்கும் விசைகளையே முடக்கிவிடும் ஒரு நிலை உண்டு. திருத்தாமல் முன்னேறுக என்பது கருத்து. ஆங்கிலத்திற்கு அது ஒக்கும். தமிழிலோ ‘கொ’ என்பது ககர மெய்யின் உருவும் உயிர்க்குறியுமாக இரண்டு அலகுகளாய்ச் சேமிக்கப்படுகிறது. ‘கொ’ என எழுத வேண்டிய இடத்தில் ‘கோ’ என விழுந்துவிட்டால், அழிக்கும் விசையை ஒருமுறை தட்டி உயிர்க்குறியை மட்டும் நீக்கித் திருத்துவதே இயல்பு. அதையும் தடுத்தால் ஓர்மை வளருமா, எரிச்சல் வளருமா?

2020இல் தோன்றிய ஒப்சிடியனில் பலகங்கள் மிகுதி, அமைதி குறைவு. ஆயினும் ஒரு குறிப்பிலிருந்து மற்றொன்றிற்கு இணைப்பிடலாம். வேர்ச்சொல்லிலிருந்து கிளைச்சொல்லுக்குச் சென்று மீளும் சொல்லாய்வார்க்கு இது துணையாகும்.

எந்தக் கருவியாயினும் தமிழர் நோக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, சிவப்புக் கோடு. ஆங்கிலப் பிழைதிருத்தி இயங்கினால் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் பிழையெனக் கோடிடப்படும். தமிழ்ச் சொற்பட்டியல் இணைத்தாலும், உருபும் சாரியையும் ஒட்டிய சரியான சொற்கள் பல அதற்குப் பிழையாகவே தோன்றும். எழுதும்போது அதனை அணைத்து வைப்பதே நன்று, திருத்தம் பின்னர்.

இரண்டாவது, எழுத்துரு. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்பது ஆங்கிலத் தட்டச்சின் மரபு. ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலத்தில் அடங்குமா? நல்ல தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தமைக்க இடந்தராத கருவி தமிழுக்காகாது.

மூன்றாவது, பா. குறிமுறையில் அடுத்தடுத்த அடிகள் ஒரே பத்தியாய் ஒட்டிக்கொள்ளும். நான்கடி வெண்பா உரைநடையாய் உருமாறிவிடும்! அடியிறுதியில் இரண்டு வெற்றிடம் விட்டால் அடி பிரிந்து நிற்கும். பா எழுதுவோர் இதனை மறத்தலாகாது.

நான்காவது, ஒட்டுச்சொல். ‘நடந்தான்’ என்பதில் ‘நட’ என்னும் பகுதியை மட்டும் தடித்துக் காட்ட வேண்டுமெனில், அடிக்கோட்டுக் குறி பயன்படாது. 2014இல் வகுக்கப்பட்ட பொதுவரையறை, சொல்லின் நடுவே அதனை ஏற்பதில்லை. உடுக்குறியே வேண்டும். வரிசை எண்ணிலும் ஒரு குறை: ௧, ௨ எனத் தமிழெண் இட்டால் அது பட்டியலாகக் கொள்ளப்படுவதில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால் முடிவு எளிது. பொருள் இல்லாத மாணவர்க்குக் கோசுட்டு ரைட்டர், குறிகளைக் காண விரும்பாதவர்க்கு டைப்போரா, சொல்லாய்வார்க்கு ஒப்சிடியன், மங்கிய திரையில் ஒரு தொடரோடு ஒன்றி நிற்க விரும்புவார்க்கு ஐஏ ரைட்டர். தேர்வு எதுவாயினும் கோப்பு ஒன்றே. இன்று ஒன்றில் எழுதியதை நாளை மற்றொன்றில் தொடரலாம். கருவிக்கு எழுதுவோன் அடிமையல்லன் என்பதே இம்முறையின் உயிர்நாடி.

கருவியைத் தேடித் தேடி எழுதாமலே நாளைக் கழிப்பாரும் உளர். அதுவும் ஓர் உள்ளச் சிதறலே! ஒரு மாலைப்பொழுதில் ஒன்றைத் தேர்க; மறுநாட் காலையில் எழுதத் தொடங்குக. எழுதியது, எழுதியவருக்குப் பின்னும் எடுத்துப் படிக்கத்தக்கதாய் இருக்கட்டும்!