டிப்பர் தூக்கலையா? பம்பைக் கழற்றும் முன்பு...
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



குழுவாக டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடுகிற உறுப்பினர்களுக்காக இதைச் சொல்கிறேன். வண்டி நின்றால் வாடகை நிற்கும். கடன் தவணை நிற்காது. அதனால டிப்பர் தூக்கலைன்னதும் “பம்பு போச்சு” என்று யாராவது சொன்னால் உடனே பணம் கொடுத்துடாதீங்க.

டிரெய்லரைக் கழற்றிவிட்டு, கலப்பையை மாட்டித் தூக்கிப் பாருங்க. பெரும்பாலான டிராக்டர்களில் இரண்டையும் தூக்குவது ஒரே பம்புதான். கலப்பை நல்லா தூக்கினால், கோளாறு பெரும்பாலும் ஓஸ், கப்ளிங், ஜாக்கி பக்கம் இருக்கும். கப்ளிங் பாதி மாட்டியிருந்தாலே ஆயில் போகாது. எஞ்சினை நிறுத்தி, லீவரை ஆட்டி அழுத்தத்தை இறக்கி, மண்ணைத் துடைத்து, ‘டக்’கென்று உட்காரும்படி மாட்டுங்க. கலப்பையும் தூக்கலையா? ஆயில் அளவைப் பாருங்க, அடுத்து பில்டர், அதற்குப் பிறகுதான் பம்பு.

டிரெய்லர் விளக்கு ஒன்று மட்டும் எரியலைன்னா பெரும்பாலும் பல்பு. எதுவுமே எரியலைன்னா பியூஸ், சாக்கெட் பாருங்க. எல்லாம் மங்கலா எரிந்தால், எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம், சுரண்டி இறுக்குங்க.

பணத்தைவிட உயிர் பெரிசு. ஆயில் கசிவைக் கையால் தடவாதீங்க. அட்டையைக் காட்டிப் பாருங்க. பீறிடும் ஆயில் தோலுக்குள் புகுந்தால், காயம் ஊசி குத்தினாப்போல இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். முட்டுக் கொடுக்காமல் தூக்கிய டிப்பருக்குக் கீழே நீங்களும் போகாதீங்க, டிரைவரையும் அனுப்பாதீங்க.

பார்த்ததை எல்லாம் வண்டி நோட்டில் எழுதி, மெக்கானிக்கிடம் காட்டுங்க. விவரம் தெரிந்தவங்களை ஏமாற்ற முடியாது.