ஒரே அச்சில் வார்த்த உலைகள்

எண்ணெய்க் கிணறு இல்லாத ஒரு நாடு தன் தொழிற்சாலைகளை எதைக் கொண்டு இயக்குவது? 1973ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சு தேசத்தை உலுக்கிய வினா இஃது. அரபு நாடுகளுக்கும் இஸ்ரவேலுக்கும் போர் மூண்டதைத் தொடர்ந்து மசகு எண்ணெயின் விலை சில மாதங்களுள் நான்கு மடங்காயிற்று. பிரான்சோ தனக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ முக்காற்பங்கை அயல்நாடுகளிலிருந்து பெற்று வந்தது.

1974 மார்ச் 6ஆம் நாள் பிரதமர் பியர் மெஸ்மர் தொலைக்காட்சியில் தோன்றி விடையை அறிவித்தார். இரண்டே ஆண்டுகளில் 13 அணுவுலைகளுக்கான வேலை தொடங்கும் என்பதே அவ்விடை. பாராளுமன்றத்தில் நெடிது விவாதித்து எடுத்த முடிவன்று அது. அதிகாரிகளும் பொறியியலாளரும் வகுத்த திட்டம். தம்மிடம் எண்ணெய் இல்லையாயினும் எண்ணங்கள் உண்டு என்னும் வாசகம் அக்காலத்தில் அந்நாட்டு விளம்பரங்களில் வழங்கிற்று. தமிழில் இதற்கு வாய்க்கும் சொல்லழகு பிரெஞ்சு மொழியில் இல்லை.

அணுவுலை என்பது நீரைக் காய்ச்சும் ஓர் அடுப்பே. யுரேனிய அணு பிளவுறும்போது எழும் வெப்பம் நீரை ஆவியாக்க, ஆவி சுழலியை உருட்ட, மின்சாரம் பிறக்கின்றது. பிரான்சின் திறமை இதனைக் கண்டறிந்ததில் இல்லை. தானே வகுத்திருந்த உலையமைப்பை ஒதுக்கிவிட்டு, அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் கம்பனியின் அமைப்பை ஏற்று, அதனையே திரும்பத் திரும்பக் கட்டியதில் இருந்தது. ஒரே மின்சார நிறுவனம். உலை செய்வதற்கும் ஒரே கம்பனி. 900 மெகாவாட்டு வகையில் 34, 1,300 வகையில் 20, 1,450 வகையில் 4 என மொத்தம் 58 உலைகள் எழுந்தன. ஓரிடத்தில் கற்ற பாடம் மறுநாளே மற்றோரிடத்தில் பயன்பட்டது. நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு அணுவிலிருந்து வரலாயிற்று. கரிப்புகையும் பெரிதும் குறைந்தது.

ஆனால், ஒரே அச்சில் வார்த்தவற்றிற்கு நோயும் ஒன்றாகவே வரும். 1977இல் 900 மெகாவாட்டு வகையின் முதல் உலை இயங்கத் தொடங்கியபோது இதனைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. 2021ஆம் ஆண்டின் இறுதியில் சிவோ நிலையத்திலே, குளிரூட்டும் சுற்றோடு இணைந்த குழாய்களில் அரிப்பினால் உண்டான வெடிப்புகள் காணப்பட்டன. அதே அமைப்புடைய உலைகள் ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதிக்கப்பட்டன. 2022இல் உக்ரேனியப் போரினால் எரிவாயு அருமையாகிய வேளையில், 56 உலைகளுள் ஏறத்தாழ அரைவாசி ஓய்ந்து கிடந்தன. வெயிலால் ஆற்றுநீர் சூடேறியமையாலும் சில உலைகள் தணிக்கப்பட்டன. முந்திய ஆண்டில் 36,000 கோடி அலகாக இருந்த அணுமின் உற்பத்தி 27,900 கோடிக்கு வீழ்ந்தது. அயலவருக்கு மின்சாரம் விற்றுவந்த நாடு அவ்வாண்டில் விற்றதினும் மிகுதியாக வாங்கிற்று. குழாய்களை மாற்றிய பின்னரே உற்பத்தி மீண்டது.

தன்னிறைவு என்ற பேச்சையும் சற்று அளந்தே ஏற்கவேண்டும். பிரான்சின் கடைசி யுரேனியச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. மூலப்பொருள் இப்போது வெளிநாட்டிலிருந்தே வருகின்றது. எனினும் எண்ணெயைப் போலன்றிப் பல ஆண்டுகட்கு வேண்டியதைச் சிறிய இடத்தில் சேமித்து வைக்கலாம். கழிவோ வேறு செய்தி. அதனைக் கண்ணாடியோடு உருக்கி லா ஹேக்கில் வைத்திருக்கின்றனர். பியூர் என்னும் ஊரருகே 500 மீற்றர் ஆழக் களிமண் பாறையிற் புதைக்கும் திட்டம் உண்டு. ஊரவருள் எதிர்ப்போர் பலர்.

இவற்றிலும் கடினமானது கைத்திறனைக் காப்பது. 1991க்குப் பின் பதினைந்து ஆண்டுகட்கு மேல் புதிய உலை எதுவும் தொடங்கப்படவில்லை; பழைய தொழிலாளர் இளைப்பாறினர். 2007இல் பிளாமான்வில்லில் தொடங்கிய உலை 2012இல் முடியவேண்டியது. காய்ச்சியொட்டிய மூட்டுகளிற் குறை கண்டு திரும்பவும் ஒட்டினர். 330 கோடி யூரோ என்ற மதிப்பு 1,320 கோடியாயிற்று. 2024 டிசம்பரிலேதான் அதன் மின்சாரம் நாட்டின் கம்பிகளிற் பாய்ந்தது. இதற்கிடையில், 2022 பெப்ரவரியில், சனாதிபதி மக்ரோன் மேலும் ஆறு உலைகள் வேண்டுமென அறிவித்தார். அவையும் ஒரே அமைப்பிலேயே கட்டப்படவுள்ளன.