ஆராய்ச்சி மாணவரும் கெடு தேதியும்

(நமது சங்கத்தின் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் அங்கத்தினர் குடும்பங்களில் பி.எச்டி. செய்யும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. "எப்போதம்மா முடிப்பாய்?" என்று விசேஷ வீடுகளில் எல்லோரும் கேட்கிறோம். கேட்குமுன் அந்தப் படிப்பின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் பௌதிகப் பட்டதாரி. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன். விதிமுறைகளைப் படிப்பது எனக்குப் பழகிய காரியம்.

யு.ஜி.சி.யின் 2022-ஆம் வருஷ விதிகளின்படி பி.எச்டி.க்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். மறுபதிவு செய்தால் மேலும் 2 வருஷம் கிடைக்கும். பெண்களுக்கு அதற்கும் மேல் 2 வருஷச் சலுகை உண்டு. பிரசவத்துக்கும் குழந்தையைக் கவனிக்கவும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆலோசனைக் குழுவின் முன் தம் வேலையை விளக்க வேண்டும். ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது பிரசுரமாக வேண்டும் என்று 2016 விதிகள் கூறின. 2022-ல் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆனால் வேலைக்கு மனுப் போடும்போது கட்டுரையைத்தானே முதலில் பார்க்கிறார்கள்!

என் பேத்தியின் கம்ப்யூட்டர் துறையில் மாநாடுகளுக்குக் கெடு தேதி வைக்கிறார்கள். பூமியில் எங்காவது அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை அனுப்பலாம் என்பது பல மாநாடுகளின் கணக்கு. நம் கடிகாரத்தில் அது மறுநாள் மாலை சுமார் 5.30 மணி.

சென்ற முறை கெடுவுக்கு 9 நாள் இருக்கையில் அவளுடைய சோதனை முடிவு, திரும்பச் செய்து பார்த்தபோது ஒத்து வரவில்லை. இரவெல்லாம் விழித்திருந்தாள். வழிகாட்டியைச் சந்திக்குமுன் ஒரே ஒரு பக்கம் எழுதினாள்: கட்டுரை எதை நிரூபிக்கிறது, எது கையில் இருக்கிறது, எது இல்லை, அவரிடமிருந்து என்ன முடிவு வேண்டும். அவர் படித்துவிட்டு, "இந்தக் கெடு போகட்டும், அடுத்ததற்கு அனுப்பலாம்" என்றார். வீட்டில் சிலருக்கு வருத்தம். எனக்கு அந்த முடிவு சரியென்றே பட்டது. தவறான முடிவை அச்சில் ஏற்றிவிட்டால், பின்னால் திருத்துவது மிகவும் கடினம்.

அவசரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை உத்தியோகத்தில் சேர்ந்த சி.வி. ராமன், ஆபீசுக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சி செய்தவர். 1928 பிப்ரவரி 16 தேதியிட்டு அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் 'நேச்சர்' பத்திரிகைக்கு எழுதிய கடிதம் மார்ச் 31-ல் வெளிவந்தது. அந்த நாட்களில் கிருஷ்ணன் தினமும் குறிப்பு எழுதி வந்தார். விஷயம் கைக்கு வந்துவிட்டால் வேகம் அவசியம்; வராதபோது பொறுமை அவசியம். எது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுவது அன்றாடக் குறிப்புதான்.

ஆகவே இளைஞர்களே, தினமும் நாலு வரி குறித்து வையுங்கள். வழிகாட்டியிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். சந்திப்பு முடிந்த அன்றே பேசியதை எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். முடியவில்லை என்றால் கெடுவுக்கு முதல் நாள் சொல்லாமல், பத்து நாள் முன்பே சொல்லுங்கள்.

பெற்றோர்களே, "எப்போது முடியும்?" என்பதற்குப் பதில், "இந்த வாரம் என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். பதில் நமக்கு முழுவதும் புரியாவிட்டாலும் பாதகமில்லை. கேட்க ஓர் ஆள் இருப்பதே அவர்களுக்குப் பெரிய தெம்பு.