வண்டி ஆஃப் ஆனாலும் லைன்ல பிரஷர் இருக்கும்

போன எபிசோட்ல பேட்டரி பத்திப் பேசினதும், "பியூயல் லைனை வீட்லயே கழட்டலாமா?"ன்னு பல பேர் கேட்டிருந்தீங்க. முதல்ல என் கதை.

எனக்கு ஊரு நாமக்கல். லாரி பாடி கட்டற ஊரு. பட்டறையில மெக்கானிக்குங்க வாயில பீடியோட டீசல் லைனைக் கழட்டி ஏர் எடுக்கறதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்தத் தைரியத்துல, அப்பாவோட பழைய பெட்ரோல் காருக்கு ஃபில்டர் மாத்த போர்ட்டிகோவுல வண்டிக்கு அடியில படுத்தேன். இன்ஜின்தான் ஆஃப்ல இருக்கே, என்ன ஆகிடும்? கிளிப்பை அமுக்கி இழுத்ததும் சுரீர்னு பெட்ரோல் மூஞ்சியில அடிச்சுது. கண்ணைத் திறக்க முடியல. அதே நேரம் அம்மா சாயங்கால விளக்கோட வாசலுக்கு வர்றாங்க. "வராதம்மா!"ன்னு நான் கத்தின கத்துல பக்கத்து வீடே வெளிய வந்துடுச்சு.

கால் மணி நேரம் கண்ணைக் கழுவினேன். பட்டறை அண்ணன் வந்து பார்த்துட்டு, "ஏந்தம்பி, லாரியில பண்றதைப் பெட்ரோல் வண்டியில பண்ணலாமுங்களா?"ன்னார்.

விஷயம் இதுதான். டீசல் ஆவி பத்திக்கறதுக்கு நல்ல சூடு வேணும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரியே போதும். அந்த ஆவி காத்தை விடக் கனம். தரையோட தவழ்ந்து போய் விளக்கைத் தேடிப் பிடிச்சுக்கும்.

அடுத்தது பிரஷர். கார் டயர்ல இருக்கறது 2 பார் சொச்சம். இன்ஜெக்ஷன் வண்டியோட பெட்ரோல் லைன்ல 3, 4 பார் இருக்கும். அடுத்த தடவை சட்டுனு ஸ்டார்ட் ஆகணும்னு, ஆஃப் பண்ணின பிறகும் ஒரு வால்வு அதைப் பிடிச்சு வச்சுக்கும்.

அதனால இன்ஜின் ஆறினதும் பியூயல் பம்ப் பியூஸை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. லைன்ல மிச்சம் இருக்கறது எரிஞ்சு இன்ஜின் தானா நின்னுடும். இன்னும் ரெண்டு தடவை செல்ஃப் அடிங்க. அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. வண்டி வெறும் ஜாக்கில நிக்கக் கூடாது, ஸ்டாண்ட் வேணும். இடம் திறந்த வெளியா இருக்கணும். கண்ணாடி போட்டுக்கிட்டு, ஜாயின்ட் மேல துணியைச் சுத்தி மெதுவாக் கழட்டுங்க. அப்பவும் கொஞ்சம் சொட்டும். பக்கத்துல பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். தண்ணி ஊத்தாதீங்க, பெட்ரோல் அது மேல மிதந்து தீயைப் பரப்பும்.

இதெல்லாம் சாதாரண பெட்ரோல் வண்டிக்கு மட்டும். காமன் ரெயில் டீசல்ல ஓடும்போது பிரஷர் 1,000 பாரைத் தாண்டும். ஊசி மாதிரி தோலுக்குள்ளயே இறங்கிடும். அதையும் சிஎன்ஜி லைனையும் வீட்ல தொடவே தொடாதீங்க.

மாட்டும்போது 'டிக்'னு சத்தம் கேக்கணும், இழுத்தும் பார்க்கணும். பியூஸையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ரெண்டு மூணு தடவை ஆன் பண்ணி, கசியுதான்னு பாருங்க.

என் ஃபில்டரை அன்னைக்கு அண்ணன்தான் மாட்டினார். நான் அம்புக்குறியைத் தலைகீழா வச்சிருந்தேனாம். [சிரிப்பு]