செவிலியரும் செய்முறைத் தேர்வும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் மணக்கும் இம்மேடையில் மருத்துவமனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பிறந்த மண்ணை விட்டு இத்தலைநகருக்கு வந்து செவிலியர் பயிற்சி பெறும் நம் பெண்மக்கள் சிலர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். ஏட்டுத் தேர்வைக் கண்டு அவர்கள் அஞ்சுவதில்லை. செய்முறைத் தேர்வு என்றால்தான் உறக்கம் இழக்கின்றனர். அவ்வழியைக் கடந்து வந்த மூத்தவர்கள் என்ற உரிமையில் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

இத்தொழில் தமிழர்க்குப் புதியதன்று. 1871-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கிற்று. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர்க்கும் மகப்பேற்றுத் தாதியர்க்கும் தனிச் சட்டம் பிறந்தது. 1947-இல் இந்தியா முழுமைக்கும் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. தேர்வில் வென்று பதிவேட்டில் பெயர் ஏறியவரிடமே நோயாளியை நம்பி ஒப்படைக்கலாம் என்பதே இச்சட்டங்களின் உயிர்க்கருத்து.

மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் ஏட்டிலும் செய்முறையிலும் தனித்தனியே நூற்றுக்கு 50 பெற்றாக வேண்டும். ஒன்றில் பெற்ற மிகுதி மற்றொன்றின் குறையை ஈடுசெய்யாது. பள்ளியைச் சேர்ந்த தேர்வாளர் ஒருவரும் வெளியிலிருந்து வருபவர் ஒருவரும் அருகே நின்று பார்ப்பர். அவர்கள் எதைப் பார்க்கின்றனர்? இப்பெண்ணின் கையில் நோயாளி பாதுகாப்பாக இருப்பாரா என்பதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. இதய நோயாளிக்கு டிகாக்சின் மாத்திரை கொடுக்கச் சொல்கின்றனர். மருந்தின் குணங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவி, மாத்திரையை நேரே நீட்டிவிட்டால் தோற்றாள். முதலில் ஒரு நிமிடம் முழுமையும் நாடித்துடிப்பை எண்ண வேண்டும். வயது வந்தவர்க்கு அது 60-க்குக் குறைந்திருந்தால் மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவர்க்குத் தெரிவிக்க வேண்டும். கொடுப்பது போலவே கொடாதிருப்பதும் கடமை என்று அறிந்தவளே செவிலி.

கணக்கும் அத்தகையதே. குழந்தைக்கு 100 மி.கி. மருந்து எழுதியிருக்கிறது, புட்டியிலோ 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றிருக்கிறது. கொடுக்க வேண்டியது 4 மி.லி. இதைத் தாளில் போட்டுப் பார்ப்பது எளிது. குழந்தை அழ, தாய் பதற, தேர்வாளர் நோக்க, நின்றபடியே பிழையின்றிச் சொல்லும் பழக்கம் வேண்டும். கை கழுவுதலும் அவ்வாறே. சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 விநாடி வரை கழுவ வேண்டும் என்பது எல்லோர்க்கும் தெரியும். அன்றாடம் வார்டில் அவ்வாறு செய்தவர்க்குத்தான் தேர்வு நாளில் கை தானே நடக்கும்.

இனி, நமக்கே உரிய இடர் ஒன்று உண்டு. பாடம் ஆங்கிலத்தில், நோயாளி பேசுவது இந்தியில், நம் நெஞ்சம் நினைப்பதோ தமிழில். எங்களுள் ஒருவர்க்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். தேர்வன்று, புண்ணுக்குக் கட்டு மாற்றியது எப்போது என்று அவர் நோயாளியைக் கேட்டார். விடையில் "கல்" என்ற ஒரு சொல்லே அவர் செவியில் விழுந்தது. இந்தியில் நேற்றும் "கல்"; நாளையும் "கல்". "ஹுயீ தீ" என்று முடிந்தால் நேற்று மாற்றியாயிற்று. "ஹோகீ" என்று முடிந்தால் நாளை மாற்றப்படும். வினைமுற்றைக் கவனியாத நம் தோழி, "நாளை மாற்ற இருக்கிறார்கள்" என்று தேர்வாளரிடம் கூறினார். நோயாளியின் குறிப்பேடோ நேற்று மாற்றியதாகக் கூறிற்று. அம்முறை அவர் தேறவில்லை.

அவர் வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. அடுத்த தேர்வு வரையில், பணி முடிந்த பின்னும் நாள்தோறும் கட்டில் கட்டிலாகச் சென்று நோயாளிகளிடம் பேசினார். ஊசியிடுமுன் எதற்காக என்று சொல்லவும், வலி எங்கே என்று கேட்கவும், விளங்காததை நாணாமல் மறுபடி கேட்கவும் கற்றார். மறுமுறை வென்றார். இன்று ஒரு வார்டின் பொறுப்பை ஏற்றிருக்கிறார்.

ஆதலின் சங்கத்துப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தியில் தேர்ந்த தாய்மார்களும் ஐயாமார்களும் இங்கே நிறைந்திருக்கிறீர்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் மாணவியர் முன் நோயாளியாகப் படுத்துக் கொடுங்கள். வினவுங்கள், முனகுங்கள், மருந்து வேண்டாம் என்று அடம் பிடியுங்கள்! நாங்கள் அருகில் நின்று திருத்துகிறோம். நாடகம் நடிப்பதில் நம் சங்கத்தார் எவர்க்கும் இளைத்தவரல்லரே!

தங்கைமார்களே, தேர்வாளருக்காகக் கற்காதீர்கள். நள்ளிரவில் துணையின்றிப் படுத்திருக்கும் நோயாளிக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் நம்பி நீட்டும் கையைத் தவறின்றிப் பற்றத் தெரிந்தவர்க்கு எந்தத் தேர்வும் பெரிதன்று.