பொருளறிந்து பாடுவோம்: திருப்பாடல்களின் நிலமும் காலமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



‘நாங்கள்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே பேசுவது ஒருத்தி என்றாலும், இது ஒரே வகுப்பில் இருந்து படித்த ஐந்து பேரின் பேச்சு. எங்களில் மூவர் கத்தோலிக்கர், இருவர் சைவர். இன்று ஒருத்தி ஊர்காவற்றுறையில் இருக்கிறாள், ஒருத்தி கொழும்பில், மற்ற மூவரும் வெளிநாடுகளில். சில காலமாகச் சனிக்கிழமைகளில் தொலைபேசியில் கூடி, சிறுவயதில் மனப்பாடமாகச் சொன்ன திருப்பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருள் பார்த்து வருகிறோம். அதில் கண்டவற்றை உங்களோடு பகிரவே வந்தோம்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் அவற்றைக் கிளிப்பிள்ளை போலத்தான் சொன்னோம். பழைய வேதாகமத்தில், நாடுகடத்தப்பட்டவர்கள் தங்கள் கின்னரங்களை அலரிச் செடிகளில் தொங்கவிட்டதாக 137ஆம் பாடல் கூறும். அலரி என்றால் எங்களுக்குத் தெரிந்தது வேலியோரத்தில் நின்ற செவ்வலரிதான். அந்த மெல்லிய கொப்பில் வாத்தியத்தை எப்படித் தொங்கவிட்டார்கள் என்று கேட்டுச் சிரித்திருக்கிறோம். எபிரேய மூலத்தில் உள்ள மரம் யூப்பிரட்டீஸ் கரையில் வளரும் ஒருவகை நெட்டைமரம் என்று அறிஞர் பலர் கருதுவதைப் பிந்தித்தான் அறிந்தோம். மேல்நாட்டாரும் இதே இடத்தில் இடறியவர்கள்தான். இப்பாடலை மனதில் வைத்தே லின்னேயஸ் ஒரு மரத்துக்குப் ‘பாபிலோனிய’ என்று பெயரிட்டார். அந்த மரமோ சீனத்தது. ஒரு மரத்தின் பெயரில் இவ்வளவு இருக்கிறதென்றால், முழுப்பாட்டில் நாம் தவறவிட்டவை எத்தனை?

முதலில் நூலைப் பற்றிச் சில செய்திகள். எபிரேயத்தில் இதன் பெயர் ‘தெஹில்லீம்’, அதாவது புகழ்ப்பாக்கள். மொத்தம் 150 பாடல்கள் ஐந்து பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. பழைய செபப் புத்தகத்தில் ஆயர் பாடல் 22 என்றும், இப்போதைய திருவிவிலியத்தில் 23 என்றும் இருப்பதைக் கண்டு சிலர் குழம்புவதுண்டு. கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகள் 9ஆம் 10ஆம் பாடல்களை ஒன்றாகச் சேர்த்ததால், அதன்பின் பெரும்பாலும் ஓர் எண் குறைந்து வரும். நாம் இங்கே எபிரேய எண்களையே சொல்கிறோம்.

எல்லாவற்றையும் தாவீது அரசர் பாடினார் என்றே படித்தோம். எபிரேய நூலில் 73 பாடல்களின் தலைப்பில் அவர் பெயர் இருக்கிறது. அங்குள்ள சொல்லுக்குத் ‘தாவீது பாடியது’ என்றும், ‘தாவீதுக்கு உரியது’ என்றும் பொருள் கொள்ளலாம். ஆசாபு, கோராகின் மைந்தர் முதலிய ஆலயப் பாடகர்களின் பெயர்களும் தலைப்புகளில் வருகின்றன. தேவாரப் பதிகங்களின் தலைப்பில் பண் குறித்திருப்பது போல, சில பாடல்களுக்கு இன்ன மெட்டு என்ற குறிப்பும் உண்டு. ஆனால் மெட்டுகள் மறைந்து பெயர்கள் மட்டும் எஞ்சின. ‘சேலா’ என்ற சொல் 71 இடங்களில் வருகிறது. அது இசைக்குறிப்பாக இருக்கலாம் என்பதற்கு மேல் அதன் பொருளை எவரும் உறுதியாகச் சொல்வதில்லை.

தமிழ்ப் பாட்டு எதுகையும் மோனையும் கொண்டு நடக்கும். எபிரேயப் பாட்டிலோ கருத்தே இணை சேர்கிறது. முதலடியில் சொன்னதை இரண்டாமடி வேறு சொல்லால் திருப்பிச் சொல்லும், அல்லது மறுதலையாக நிறுத்தும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். ஆங்கிலப் பேராசிரியர் லோத் 1753இல் வெளியிட்ட விரிவுரைகளில் இதை விளக்கிக் காட்டினார். ‘ஒரே விசயத்தை ஏன் இரண்டு தரம் சொல்லுது?’ என்று நாங்கள் வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். ஓசை மொழிபெயர்ப்பில் போய்விடும், கருத்திணை போகாது. ஆத்திசூடி போல அகர வரிசையில் அமைந்த பாடல்களும் உண்டு. 119ஆம் பாடலில் 22 எபிரேய எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக 176 வசனங்கள்.

இப்பாடல்கள் தமிழுக்கு வந்த வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்குச் சிறப்பான பங்கு உண்டு. பேர்சிவல் பாதிரியாரின் மேற்பார்வையில் நடந்து 1850இல் சென்னையில் அச்சேறிய வேதாகம மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்ற தமிழறிஞர் நல்லூர் ஆறுமுக நாவலர். சைவத்தை உயிராகக் கொண்டவர் எபிரேயரின் வேதத்தைத் தமிழாக்கத் தம் புலமையைக் கொடுத்தார். இதைக் கேட்டதும் எங்கள் சைவத் தோழி, ‘அப்ப இதிலை எங்களுக்கும் பங்கு இருக்கு’ என்றாள். பாட்டின் பொருளை உணர்ந்து சொல்பவரையே மணிவாசகர் சிவபுராணத்தின் முடிவில் சிறப்பிக்கிறார் என்று நினைவூட்டியவளும் அவள்தான்.

பொருளுணர வழி எது? அதற்கான திறவுகோல் எங்கள் தீவிலேயே இருந்தது. 1913இல் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த பொருள் சங்கப் பாடல்களில் இயற்கை. நிலத்தையும் பொழுதையும் அறியாமல் சங்கப் பாட்டை அறிய முடியாது என்பதை அவர் எழுத்துகள் உலகுக்கு எடுத்துக்காட்டின. நெய்தலில் ஏன் இரங்கல், பாலையில் ஏன் பிரிவு என்று க.பொ.த. உயர்தர வகுப்பில் நாமும் எழுதினோமல்லவா? அதே கேள்விகளைத் திருப்பாடல்களிடம் கேட்டோம். எந்த நிலம்? எந்தப் பொழுது? யார் கூற்று? யாரை நோக்கிய கூற்று?

நிலம் என்றதும் தண்ணீர்தான் முன்னே வந்தது. யூதேயா மலைநாட்டுக்குத் தெற்கே நெகேபு என்னும் வறள்நிலம். அங்கே கோடையில் வெறும் கல்லாகக் கிடக்கும் ஓடைகளில், மழைக்காலத்தில் திடீரென வெள்ளம் பாயும். திரும்பிவரும் மக்களின் மகிழ்ச்சியை 126ஆம் பாடல் அந்த ஓடைகளோடு ஒப்பிடுகிறது. ஆறு பாயும் ஊரில் பிறந்தவர்களைவிட, ஆறே இல்லாத தீவுகளில், நல்ல தண்ணீர்க் கிணறு தேடிக் குடத்தோடு நடந்த நமக்கு அது கெதியில் விளங்கும். இப்பாடல் 120 முதல் 134 வரையுள்ள பதினைந்து யாத்திரைப் பாடல்களில் ஒன்று. எருசலேம் மலைக்கு ஏறிப்போனவர்கள் பாடியவை என்பர். கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கும், நயினாதீவு நாகபூசணி அம்மன் தேருக்கும் வள்ளத்தில் பாடிக்கொண்டு போன கூட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

கடல்தான் எங்களுக்குச் சிக்கலாயிற்று. நமக்குக் கடல் சோறு போடும் தாய். எபிரேயரோ பெரும்பாலும் மலைநாட்டு உழவர், மேய்ப்பர். சிரியக் கரையில் 1929 முதல் அகழ்ந்தெடுத்த உகாரித் நகரின் களிமண் ஏடுகளில், கடல் ஒரு முரட்டுத் தெய்வமாக மற்றத் தெய்வங்களோடு போரிடுகிறது. அந்த அச்சத்தின் சாயல் திருப்பாடல்களிலும் உண்டு. அவர்களுக்குக் கடல் என்றால் கட்டுக்கடங்காத குழப்பம். அதை அடக்குபவரே இறைவன். 107ஆம் பாடலில் புயலில் தத்தளித்த கடலோடிகள் அபயமிடுகிறார்கள், காற்று தணிகிறது, விரும்பிய துறையைச் சேர்கிறார்கள்.

அந்த இடத்தில் எங்கள் வாசிப்பு நின்றுவிட்டது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகை இங்கே எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஐவரில் ஒருத்தி அந்தப் படகில் உறவைப் பறிகொடுத்தவள். ‘அவையள் கரைக்கு வரேல்லை. இந்தப் பாட்டை நான் எப்பிடிப் பாடுறது?’ என்று கேட்டாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

பதிலைத் தேடியபோது, இந்த நூலே அவளுக்காக எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது என்று கண்டோம். புகழ்ப்பாக்கள் என்று பெயர் பெற்ற நூலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அவற்றுக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. முதலில் இறைவனைக் கூப்பிடுதல், பிறகு முறைப்பாடு, பிறகு வேண்டுதல். பெரும்பாலானவை நம்பிக்கையிலோ நன்றி சொல்வதிலோ முடியும். ஆனால் 88ஆம் பாடலில் அந்தத் திருப்பம் வருவதேயில்லை. அது இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. தொகுத்தவர்கள் அதற்கு நல்ல முடிவொன்றை ஒட்டிவைக்கவில்லை, நீக்கவுமில்லை. ஆறுதல் கிடைக்காதவளின் குரலும் வழிபாடுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். இது நமக்குப் புதிதல்ல. செத்தவீட்டில் ஒப்பாரி வைத்த நம் பாட்டிமார் கடவுளையே கேள்வி கேட்டார்கள். தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தை ராகமிழுத்து வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

இனி 137ஆம் பாடலுக்குத் திரும்புவோம். கி.மு. 587 அளவில் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டு ஆலயத்தை எரித்து, மக்களில் ஒரு பகுதியினரைக் கொண்டுபோயிற்று. பாட்டில் வரும் ‘ஆறுகள்’ யூப்பிரட்டீஸிலிருந்து வெட்டிய வாய்க்கால்களையும் குறிக்கும். அங்கே கிடைத்த களிமண் ஏடுகள் பல 2014இல் ஒரு நூலாக வெளிவந்தன. வாய்க்கால் கரையில் யூதா மக்கள் குடியேறிய ஊர் ஒன்றுக்கு யூதாவின் பெயரே இருந்ததும், அவர்கள் குத்தகைக்குப் பயிர் செய்து வரி கட்டியதும் அவற்றால் தெரிகின்றன. அழுதவர்கள் அழுதுகொண்டே வேலைக்கும் போனார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு போனவர்களுக்கும், பனிநாட்டில் இரவு வேலை செய்து தம்பி தங்கச்சிமாரைப் படிப்பித்தவர்களுக்கும் இதற்கு விளக்கம் தேவையா?

ஆனால் அந்தப் பாடலின் முடிவு கொடியது. பகைவரின் குழந்தைகளைக் கொல்பவன் பேறுபெற்றவன் என்ற கருத்தோடு முடிகிறது. நாங்கள் பாடியபோது அந்த வசனங்கள் இருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் திருத்தி வெளியிடப்பட்ட, குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் செபநூலிலும் அவை இல்லை. 58, 83, 109ஆம் பாடல்கள் முழுமையாகவே விடப்பட்டன. விட்டது சரியா என்று எங்களுக்குள் இரண்டு சனிக்கிழமை வாதாட்டம். பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கக் கூடாது என்றாள் ஒருத்தி. மறைத்தால் பாட்டு பொய்யாகும் என்றாள் இன்னொருத்தி.

அப்போது குமுதினியில் உறவை இழந்தவள் சொன்னதை, அவளுடைய சம்மதத்தோடு இங்கே சொல்கிறோம். ‘அந்த வசனத்தை நான் சத்தமா வாசிச்சனான். அது என்ர மனசிலை கன வருசம் இருந்ததுதான். கடவுளுக்கு முன்னாலை சொல்லி முடிச்ச பிறகு, அதைச் செய்யவேணும் எண்ட எண்ணம் என்னட்டை இருக்கேல்லை.’

யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தங்கள் குழந்தைகள் கொல்லப்படக் கண்டவர்கள், கையில் ஆயுதமில்லாத கைதிகள், இறைவனின் காதில் கொட்டிய சொல் அது. அது கட்டளையல்ல. படைக்குப் போகிறவன் வாயில் வைத்தால் அதே சொல் நஞ்சாகும். எவருக்கும் அது சுலோகம் ஆகக் கூடாது. எங்கள் துயரத்துக்குத் தந்த இடத்தை, மறுபக்கத்தில் பிள்ளையை இழந்த தாய்க்கும் இந்நூல் தருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பின்னணி தெரியாமல் வாசிப்பதால் வரும் ஆபத்து அலரிச் செடியைக் கண்டு சிரிப்பதோடு நிற்பதில்லை என்று அன்றுதான் உணர்ந்தோம்.

அன்பானவர்களே, நூறு ஆண்டுகளாக இந்தப் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குப் பாட்டுகளை மனப்பாடம் செய்வித்திருக்கிறது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. மனதில் பதிந்திருந்ததால்தான், புத்தகம் எடுக்க நேரமில்லாமல் ஓடிய நாட்களில் அவை எங்களோடு வந்தன. இனிப் படிக்கும் பிள்ளைகளுக்கு, தேவாரமாயினும் திருப்பாடலாயினும், பாட்டோடு அதன் நிலத்தையும் காலத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். நீங்களும் இன்று வீட்டுக்குப் போய், வாயில் பாடமாக இருக்கும் ஒரு பாடலை எடுத்து, இது யார் யாரிடம் சொன்னது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் தோழி இப்போது 107ஆம் பாடலை வாசிக்கிறாள். கடலோடிகள் அபயமிடும் இடத்தில் நிறுத்தி, கரை சேராதவர்களின் பெயர்களைச் சொல்லுகிறாள். அதன்பின் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து மிச்சத்தை வாசிக்கிறோம்.