திருத்தமும் ஒப்புதலும்: அரசமைப்பில் வாக்காளருக்கு இடமுண்டா?



புதுதில்லியின் இந்த மந்திர் மார்க்கில் குடியிருப்பவருக்கு எத்தனை வாக்கு? மக்களவைக்கு ஒன்று, தில்லிச் சட்டமன்றத்துக்கு ஒன்று. அவ்வளவுதான். சற்றுத் தள்ளி கரோல்பாகில் இருப்பவர் மாநகராட்சிக்கும் வாக்களிக்கிறார். நம் சாலையோ புதுதில்லி நகராட்சிக் குழுவின் எல்லைக்குள் வருகிறது. அந்தக் குழுவுக்குத் தேர்தல் கிடையாது. மத்திய அரசு அமைப்பதுதான் குழு. நாம் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றத்துக்கோ பொது ஒழுங்கு, காவல்துறை, நிலம் மூன்றிலும் அதிகாரம் இல்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தபோது உங்களையோ உங்கள் பெற்றோரையோ யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

தில்லிக்கு 1952இலேயே சட்டமன்றம் இருந்தது. சவுத்ரி பிரம்ம பிரகாஷ் முதலமைச்சராக இருந்தார். 1956இல் மாநிலச் சீரமைப்போடு அந்த மன்றம் போயிற்று. 1991இல் 69ஆவது திருத்தம் அதைத் திருப்பித் தந்தது. கொடுத்தது, எடுத்தது, மறுபடி கொடுத்தது எல்லாமே நாடாளுமன்றம். 2023 மே மாதம் அரசு அதிகாரிகள் மீதான கட்டுப்பாடு தில்லி அரசுக்கே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டே நாளில் அவசரச் சட்டம் வந்து அதை மாற்றியது. ஆகஸ்டில் அதுவே சட்டமாயிற்று. 2016இல், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்த மறுநாள், தில்லிக்கு முழு மாநில உரிமை வேண்டுமா என்று இங்கும் வாக்கெடுப்பு நடக்கும் என்று அன்றைய முதலமைச்சர் அறிவித்தார். நடக்கவில்லை. அரசமைப்பில் அதற்கென ஒரு விதியும் இல்லை.

அரசமைப்பைத் திருத்த 368ஆவது உறுப்பு கேட்பது நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை. சில பொருள்களுக்கு மட்டும் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஏற்பு. வாக்காளர் எங்குமே வரமாட்டார். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவைப் போலக் கடும் நிபந்தனைகள் வைக்காமல் திருத்துவதை எளிதாக்கியிருக்கிறோம் என்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பெருமையாகவே சொன்னார். அன்று நாடு இருந்த நிலையில் அது சரி என்றே நினைக்கிறேன்.

வாக்காளரைக் கேட்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி அரசமைப்பு உண்டு. அதைத் திருத்த நாற்பத்தொன்பதில் வாக்காளர் ஒப்புதல் கட்டாயம். விதிவிலக்கு டெலவேர் மட்டும். எத்தனை விழுக்காடு வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். ஃபுளோரிடாவில் 60 விழுக்காடு. அந்த விதியை 2006இல் நிறைவேற்றிய வாக்கெடுப்பில் கிடைத்த ஆதரவு 58 விழுக்காட்டுக்கும் குறைவு! தான் தாண்டாத வேலியைப் பிறர் தாண்ட வேண்டும் என்று போட்டுவிட்டார்கள். ஒஹாயோவில் 2023 ஆகஸ்டில் இதே வேலியை எழுப்பப் பார்த்தார்கள். நவம்பரில் கருக்கலைப்பு உரிமை பற்றிய வாக்கெடுப்பு வரவிருந்ததே காரணம். ஒஹாயோ மக்கள் விவரமானவர்கள். 57 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். நவம்பரில் அந்த உரிமை ஏறக்குறைய அதே அளவு ஆதரவில் நிறைவேறியது.

ஆக, மக்களைக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கு இலங்கையைப் பார்க்க வேண்டும்.

1978ஆம் ஆண்டு இலங்கை அரசமைப்பின் 83ஆவது உறுப்பு, சில அடிப்படைகளை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்கிறது. தாளில் படித்தால் அருமையான காவல். 1982 அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற ஜே.ஆர். ஜெயவர்த்தன, 1977இல் தேர்வான நாடாளுமன்றத்தின் ஆயுளை அப்படியே ஆறாண்டு நீட்டிக்க மக்களிடம் போனார். அந்த மன்றத்தில் அவர் கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு இடம் இருந்தது. பொதுத் தேர்தல் வைத்தால் அது கரையும். டிசம்பர் 22 அன்று, அவசரகால நிலையில், வாக்கெடுப்பு நடந்தது. சம்மதத்துக்கு விளக்குச் சின்னம், மறுப்புக்குக் குடம். விளக்குக்கு 54.66 விழுக்காடு. யாழ்ப்பாண மாவட்டம் குடத்தின் பக்கமே பெருவாரியாக நின்றது. ஆனால் எண்ணிக்கை நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான். அடுத்த பொதுத் தேர்தல் 1989இல் வந்தது.

அதற்குள் நடந்தது என்ன? 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று ஒவ்வோர் உறுப்பினரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் இடங்களை இழந்தார்கள். அதற்கு வாக்கெடுப்பு இல்லை. தங்கள் பதவியை நீட்டிக்க மக்களிடம் போனவர்கள், தமிழரின் பிரதிநிதிகளை வெளியேற்ற யாரிடமும் போகவில்லை. எப்போது கேட்பது, என்ன கேள்வி கேட்பது என்பதை ஆள்பவரே முடிவு செய்தால் வாக்கெடுப்பும் அவர் கைக்கருவிதான்.

நம் நாட்டிலும் ஒரு முறை வாக்கெடுப்பு விதி வாசல் வரை வந்தது. நெருக்கடி நிலைக்குப் பின் ஜனதா அரசின் சட்ட அமைச்சர் சாந்தி பூஷண் 1978இல் 45ஆவது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அரசமைப்பின் சமயச்சார்பற்ற, மக்களாட்சித் தன்மையைக் குலைக்கும் திருத்தம், அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் திருத்தம், நேர்மையான தேர்தலையோ நீதித்துறையின் சுதந்திரத்தையோ பாதிக்கும் திருத்தம் எதுவானாலும் மக்கள் வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும்; வாக்காளரில் 51 விழுக்காட்டினராவது கலந்துகொள்ள வேண்டும் என்றது அது. மக்களவை நிறைவேற்றியது. காங்கிரஸ் பெரும்பான்மை கொண்ட மாநிலங்களவை ஆகஸ்டில் அந்தப் பகுதியை வெட்டியது. மிஞ்சியதே இன்றைய 44ஆவது திருத்தம்.

அதே ஜனதா அரசின் பிரதமர் மொரார்ஜி தேசாய், 1979 ஜனவரியில் புதுச்சேரிப் பகுதிகளை அண்டை மாநிலங்களோடு இணைத்துவிடலாம் என்று பேசினார். புதுச்சேரி மக்களைக் கேட்கும் எண்ணம் அப்போது எங்கே போயிற்றோ! ஊர் கொதித்தது; கலவரம் வெடித்தது; பேச்சு கைவிடப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு முன்னால், 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேரச் சம்மதித்த பிறகே பிரெஞ்சுக்காரர்கள் விடைபெற்றார்கள். மக்கள் சம்மதமின்றி நிலத்தைக் கைமாற்றக் கூடாது என்று அன்றைய பிரெஞ்சு அரசமைப்பில் ஒரு விதி இருந்தது. காலனி ஆட்சியாளரின் சட்டத்தில் இருந்த அந்த மரியாதை நம் சட்டத்தில் இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சுதந்திர இந்தியாவும் இப்படி மக்களைக் கேட்பதை ஒரு முறை அழகாகச் செய்து காட்டியது. மகாராஷ்டிரத்தோடு இணைவதா, யூனியன் பிரதேசமாகவே இருப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடமே கேட்டார்கள். 34,021 வாக்கு வித்தியாசத்தில் இணைப்பு தோற்றது. சண்டை அத்தோடு தீர்ந்தது. இருபதாண்டுக்குப் பின் கோவா தனி மாநிலமாயிற்று.

இந்திய மாநிலங்களில் சொந்த அரசமைப்பு வைத்திருந்தது ஜம்மு-காஷ்மீர் ஒன்றுதான். அதைத் திருத்தவும் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு போதுமாக இருந்தது, மக்கள் வாக்கு தேவைப்படவில்லை. 2019 ஆகஸ்டில் அந்த அரசமைப்பு செயலற்றுப்போய், அக்டோபர் இறுதியில் மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களானது. இந்திய அரசமைப்பின் மூன்றாவது உறுப்பின்படி, ஒரு மாநிலத்தைப் பிரிக்குமுன் அதன் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். சட்டமன்றம் கலைந்திருந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சி. அதனால் சட்டமன்றத்தின் இடத்தில் நாடாளுமன்றமே கருத்தும் சொல்லிக்கொண்டது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாடு தழுவிய வாக்கெடுப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெருந்தொகை சிறுதொகையை விழுங்கும். யாழ்ப்பாணத்தின் குடம் அதற்குச் சாட்சி. ஆனால் ஒரு நிலப்பகுதியின் தகுதியைக் குறைப்பது, எல்லையை மாற்றுவது, சட்டமன்றத்தை எடுப்பது ஆகிய மூன்றுக்கும் அந்தப் பகுதி வாக்காளரின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். கேள்வியின் வாசகத்தைத் தேர்தல் ஆணையம் எழுதட்டும். நெருக்கடி நிலையிலோ குடியரசுத் தலைவர் ஆட்சியிலோ வாக்கெடுப்பு கூடாது. 1978 மசோதாவின் 51 விழுக்காட்டு வருகை விதியும் இருக்கட்டும். இதற்கு மூன்றாவது உறுப்பையும், தில்லிச் சட்டமன்றத்துக்கு இடம் தரும் 239ஏஏ உறுப்பையும் திருத்த வேண்டும். திருத்துவது மறுபடியும் நாடாளுமன்றம்தான் என்பது தெரிந்தே கேட்கிறேன். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு இந்தத் தெருவுக்கு வரும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியானாலும், இந்த ஒரு கேள்விக்கு நேரான பதிலை நீங்களும் கேட்டு வாங்குங்கள்.